ஈமேக்ஸ் ஷெல்: லினக்ஸில் ப்ராம்ப்ட் குப்பை, விண்டோஸில் தமிழ் வரவில்லை

கேள்வி (சுங்கை சிப்புட்டிலிருந்து):
தோட்டத்துப் பிள்ளைகளின் வார இறுதிப் பைத்தான் வகுப்புக்கு ஈமேக்ஸ் என்ற நிரல் எடிட்டர் போட்டிருக்கிறோம். உபுண்டு மடிக்கணினியில் எந்தப் பைத்தானை ஓட்டுவது என்று சொல்லும் பைத்தான்-ஷெல்-இன்டர்பிரிட்டரை ஐபைத்தான் (கூடுதல் வசதியுள்ள பைத்தான் ஷெல்) என்று மாற்றினேன். ப்ராம்ப்ட் (கட்டளைக்குக் காத்திருக்கும் குறி) முழுக்கச் சதுர அடைப்பும் எண்ணுமாக வருகிறது. விண்டோஸ் கணினிகளில் வெறும் பைத்தான் 3.11. அங்கே ப்ராம்ப்ட் சரி, ஆனால் செம்பனைக் குலை எடைக் கணக்கில் தொழிலாளர் பெயரைத் தமிழில் அச்சிட்டால் 'சார்மேப்' பிழை (எழுத்தைக் குறிமுறையில் மாற்ற முடியவில்லை என்பது). இரண்டுக்கும் ஒரே காரணமா அண்ணே?

பதில் 1:
வேறு வேறு காரணம், தம்பி. ஐபைத்தான் 5 முதல் (2016) திரையை வண்ணமாக வரைய ப்ராம்ப்ட்-டூல்கிட் என்ற நூலகம் வந்தது. லினக்ஸில் ஈமேக்ஸ் போலி டெர்மினல் ஒன்றைத் தருவதால், உண்மையான திரை என்று நம்பிக் கட்டுப்பாட்டுக் குறிகளை அனுப்புகிறது. ஈமேக்ஸ் அவற்றை எழுத்தாகவே காட்டிவிடும். ஷெல்லைத் தொடங்கும்போது கொடுக்கும் விருப்பங்களுக்கான பைத்தான்-ஷெல்-இன்டர்பிரிட்டர்-ஆர்க்ஸில் ஆங்கிலத்தில் இப்படி எழுதுங்கள்: இரண்டு கோடு, சிம்பிள்-ப்ராம்ப்ட், இடைவெளி, ஒரு கோடு, ஐ. அந்தக் கடைசி ஐ-யை விட்டுவிடாதீர்கள். பழைய மதிப்பு அந்த ஐ-தான், புதிதாக எழுதும்போது அது அழிந்துவிடும். விண்டோஸில் அந்த ஐ இல்லையென்றால் பைத்தான் உங்கள் வரிகளைக் கோப்பு என்று நினைத்து, முடிவு வரும்வரை வாயே திறக்காது.

பதில் 2:
விண்டோஸில் ஈமேக்ஸ் போலி டெர்மினல் தராமல் வெறும் குழாய்தான் (தரவு போகும் பாதை) தருகிறது. குழாயில் எழுதும்போது பைத்தான் கணினியின் பழைய குறிமுறையை, பெரும்பாலும் 1252-ஐ, எடுத்துக்கொள்ளும். அதில் தமிழுக்கு இடமே இல்லை. ஈமேக்ஸ் தொடங்கும்போது படிக்கும் இனிட் கோப்பில் செட்என்வ் மூலம் பைத்தான்யூடிஎஃப்8 என்ற சூழல் மாறிக்கு 1 கொடுங்கள் (பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில், பைத்தான் 3.7-இலிருந்து செல்லும்). கூடவே ப்ரிஃபர்-கோடிங்-சிஸ்டம் யூடிஎஃப்-8 வரியும் வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் பிழை போய்விடும், ஆனால் எழுத்து உடைந்து தெரியும்.

கேட்டவர்:
இனிட் கோப்பை மாற்றி, ஈமேக்ஸை மூடாமல் மறுபடி ஏற்றினேன். விண்டோஸில் அதே பிழை.

பதில் 2:
ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லுக்குப் புதிய சூழல் போகாது. ஷெல் பஃபரை கண்ட்ரோல்-எக்ஸ் கே-யால் கொன்றுவிட்டு, புதிய ஷெல் தொடங்க கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-பி அடியுங்கள்.

கேட்டவர்:
பெயர்கள் வந்துவிட்டன! ஆனால் கோப்பை ஷெல்லுக்கு அனுப்ப கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-சி அடித்தால் மெயின் பகுதி (கோப்பை நேரடியாக ஓட்டும்போது மட்டும் ஓடுவது) ஓடவில்லை, பிழையும் காட்டவில்லை.

பதில் 1:
அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே விடுகிறது. முன்னால் கண்ட்ரோல்-யூ சேர்த்து அடித்தால் மெயினும் ஓடும். பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்லா, எல்லோரும் இங்கேதான் முழிப்பார்கள்.