காலி சீட்டிலும் பெல்ட் பீப் அடிக்குது, இப்ப ஏர்பேக் விளக்கும் எரியுது: சீட்டை மாத்தணுமா?

கேள்வி (பாளையங்கோட்டை):
2020 மாடல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்டில் வாங்கினது. முன் இடது சீட்டில் ஆள் இல்லாமலே பெல்ட் பீப் அடிக்குது. முதல்ல மேடு பள்ளத்தில் மட்டும் வந்தது, இப்ப சாவி போட்டதுமே வந்துட்டு. ரெண்டு நாளா ஏர்பேக் விளக்கும் அணையல. வெறும் சீட்டில் பெல்ட்டை மாட்டினா பீப் நின்னுருது. சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன், கோடு (பழுதைக் காட்டுற எண்) எதுவும் இல்லைங்குது. ஒர்க்‌ஷாப்ல சீட்டையே மாத்தணும்னு சொல்லுதாக. அண்ணாச்சிமார் யாராவது வழி சொல்லுங்க.

பதில் (வண்ணார்பேட்டை, ஆட்டோ எலக்ட்ரீசியன்):
சீட்டை மாத்தாதீங்க, பொறுங்க. பெல்ட்டை மாட்டினதும் பீப் நிக்குதுன்னா பக்கிள் சுவிட்ச் (பெல்ட்டை மாட்டுற பூட்டுக்குள்ள இருக்கிறது) சரியா இருக்கு. 'ஆள் இருக்கு'ன்னு தப்பா சொல்லுறது சென்சார் மேட், இல்லைன்னா அதோட வயர்.

2019 ஜூலை 1 முதல் முன் சீட் ரெண்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம். அதுக்காக வைக்கிறதுதான் இந்த மேட்: மெத்தைக்கும் உறைக்கும் நடுவுல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம், ரெண்டு வயர். ஆளோட எடையைக் கணக்குப் பண்ணி ஏர்பேக்கை நிறுத்தி வைக்கிற சிஸ்டம் வேற. அதுல சென்சாரை மாத்தினா காலி சீட்டில் ஸ்கேனர் வெச்சு ஜீரோ காலிபரேஷன் (காலி சீட்டோட எடையை பூஜ்யம்னு பதிய வைக்கிறது) செஞ்சே ஆகணும். உங்க வண்டியில் எதுன்னு கையேட்டில் முதல்ல பாருங்க.

ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கோடு மட்டும்தான் படிக்கும். ஏர்பேக் மாட்யூலுக்குள்ள (ஏர்பேக்கைக் கட்டுப்படுத்துற பெட்டி) போற ஸ்கேனர் வேணும். வர்ற கோடைத் துடைக்கிறதுக்கு முன்னாடி எழுதி வெச்சுக்கிடுங்க.

பிறகு எக்ஸ்ட்ரா சீட் கவர் இருந்தா கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க. இறுக்கித் தைச்ச ரெக்ஸின் கவர் மேட்டை எப்பவும் அமுக்கிக்கிட்டே இருக்கும். காசில்லாத வேலை, ஆனா நிறைய பேர் இதைச் செய்யாமலே மேட் வாங்கிருதாக.

அதுலயும் சரியாகலைன்னா, சாவியை எடுத்துட்டு பேட்டரி நெகட்டிவ் முனையைக் கழட்டி, குறைஞ்சது 3 நிமிஷம் காத்திருங்க. ஏர்பேக் மாட்யூலில் தேங்கியிருக்கிற மின்சாரம் இறங்கணும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தா அது ஏர்பேக் லைன். அதுல மல்டிமீட்டரை வைக்கவே கூடாது, மீட்டர் அனுப்புற சின்ன மின்னோட்டத்திலேயே ஏர்பேக் வெடிக்கலாம். மேட்டோட சின்ன ரெண்டு பின் கனெக்டரை மட்டும் பிரிச்சு, சீட் பக்கம் ஓம் (ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை) பாருங்க. ஒரு தடவை காலியா, ஒரு தடவை ஆள் உக்கார்ந்து. சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும். ஆனா உக்கார்ந்ததும் தெளிவா இறங்கணும், எழுந்ததும் பழைய அளவுக்குத் திரும்பணும். மாறவே இல்லைன்னா மேட் போயிட்டு.

கனெக்டர் பிரிச்சிருக்கும்போது இக்னிஷன் போடாதீங்க, புதுசா கோடு விழும்.

பதில் (ஸ்ரீவைகுண்டம்):
செகண்ட் ஹேண்ட்னு சொல்லுறதால ஒண்ணு பார்த்துருங்க. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில முங்கின வண்டிகள் எத்தனையோ. பெல்ட்டைக் கடைசி வரை வெளிய இழுங்க. வழக்கமா உள்ள சுருண்டு கிடக்கிற பகுதியில் சேத்துக் கறை கோடா தெரிஞ்சா தண்ணி ஏறின வண்டி. சீட் ரெயில் இடுக்கிலயும் கார்பெட்டுக்கு அடியிலயும் வண்டல் இருக்கான்னு பாருங்க. ஏர்பேக் மாட்யூல் பெரும்பாலும் நடு கன்சோலுக்கு அடியிலதான் இருக்கும். அது நனைஞ்சிருந்தா மேட்டை மாத்தி பிரயோஜனம் இல்லை.

கேட்டவர்:
பெல்ட்டில் கறை இல்லை, வண்டலும் இல்லை. ஆனா இடது பக்க கார்பெட் அடியில் ஈரம். ரெண்டு கனெக்டரிலயும் பச்சை பூத்திருக்கு. மேட் காலியா இருக்கும்போது ஓபன் (தொடர்பே இல்லை), உக்கார்ந்தா 100 ஓமுக்குக் கீழ. மூணு தடவையும் அப்படியே வந்தது. ஸ்கேனரில் இடது சைடு ஏர்பேக் ரெசிஸ்டன்ஸ் அதிகம்னு கோடு.

பதில் (வண்ணார்பேட்டை):
அப்போ மேட் நல்ல மேட். பின்னுக்கும் பின்னுக்கும் நடுவுல பச்சை உப்பு பாலம் கட்டியிருக்கு, அதை மாட்யூல் 'ஆள் இருக்கு'ன்னு எடுத்துக்கிடுது. அதே உப்பு மஞ்சள் கனெக்டரில் பின்னோட தொடர்பைக் கெடுத்து ரெசிஸ்டன்ஸை ஏத்திட்டு. பீப்புக்கும் ஏர்பேக் விளக்குக்கும் ஒரே காரணம்தான்.

பேட்டரி கழட்டினபடியே கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, மெல்லிய நைலான் பிரஷ்ல தேய்ச்சு, நல்லா உலர விடுங்க. உப்புக் காகிதம் வேண்டாம், பின் மேல இருக்கிற பூச்சு போயிரும். மஞ்சள் கனெக்டருக்குள்ள ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு இருக்கும். கழட்டினதும் ரெண்டு பின்னையும் ஒண்ணா இணைச்சு ஏர்பேக்கைக் காப்பாத்துறது அதுதான், அதை வளைச்சிராதீங்க. பின் அரிச்சுப் போயிருந்தா கம்பெனி ரிப்பேர் வயரிங் வாங்கிப் போடுங்க. ஏர்பேக் வயரை முறுக்கி டேப் சுத்துறது கூடவே கூடாது.

ஈரம் எங்கிருந்து வருதுன்னும் பாருங்க. ஏசி பெட்டி இடது பக்கம், அதோட டிரெயின் குழாய் அடைச்சா தண்ணி உள்ள கார்பெட்டுக்குத்தான் வரும். ஏசியை ஓட விட்டு வண்டியைப் பத்து நிமிஷம் நிறுத்தி வைங்க, வண்டிக்கு அடியில் சொட்டலைன்னா குழாய் அடைச்சிருக்கலாம். அதைச் சரி செய்யாம கனெக்டரை மட்டும் துடைச்சா மறுபடியும் பூக்கும்.

கடைசியா கனெக்டரை மாட்டி, பேட்டரி போட்டு, கோடைத் துடைங்க. சீட்டை முன்னும் பின்னும் முழுசா நகத்திப் பாருங்க. அப்போ விளக்கு மினுக்கினா ரெயில்ல வயர் உரசுதுன்னு அர்த்தம். பீப்பை அடக்க பக்கிள்ல குத்துற டம்மி கிளிப் மட்டும் வாங்கிராதீங்க. ஆள் உக்கார்ந்து பெல்ட் போடாம இருந்தாலும் வண்டி சொல்லாது. ஏர்பேக் விளக்கு அணையுற வரைக்கும் அந்த சீட்டில் யாரையும் ஏத்தாதீங்க.