எம்.பி.ஏ. சேர்ந்து மூன்று வாரம்: வகுப்பில் பேச வரவில்லை, பற்று வரவும் பிடிபடவில்லை

முதுநகர் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரைச் சேர்ந்த நான், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, இளங்கலையில் இயற்பியல் முடித்து, மூன்று வாரங்களுக்கு முன் புதுச்சேரியில் உள்ள ஒரு மேலாண்மைக் கல்லூரியில் எம்.பி.ஏ. சேர்ந்திருக்கிறேன். விடுதிக் கட்டணம் கட்டும் வசதி இல்லாததால் நாள்தோறும் பேருந்தில் போய் வருகிறேன். மரப்பாலம் சிக்னலைத் தாண்டுவதற்குள் பல நாள்கள் முதல் வகுப்பு தொடங்கிவிடுகிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு கேஸ், அதாவது ஒரு நிறுவனம் சந்தித்த சிக்கலை விவரிக்கும் பாடக்குறிப்பு, பற்றிய விவாதம் நடந்தது. பதினான்கு பக்கங்களையும் முந்தின இரவே அகராதியை வைத்துக்கொண்டு வரிக்கு வரி படித்திருந்தேன். பேராசிரியர் முதலில் என்னைத்தான் எழுப்பினார். அந்த நிறுவனம் எப்போது தொடங்கப்பட்டது, யார் நடத்துகிறார்கள், விற்பனை எப்படிக் குறைந்தது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கையை உயர்த்தி, “இதை எல்லோரும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம். அந்த மேலாளரின் நாற்காலியில் நீங்கள் இருந்தால் திங்கட்கிழமை காலை என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். வகுப்பில் பேசுவதற்கென்றே தனி மதிப்பெண் இருப்பதால் அன்று முதல் அந்த வகுப்பை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

இரண்டாவது, கணக்கியல். பணம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் டெபிட் எழுத வேண்டும் என்கிறார்கள். டெபிட் என்றால் பற்று, கிரெடிட் என்றால் வரவு என்று தமிழ்ப் பாடநூலில் இருக்கிறது. வந்த பணத்தை வரவு என்று எழுதாமல் பற்று என்று எழுதுவது ஏன்? வங்கியில் நான் பணம் போட்டால் பாஸ்புக்கில் கிரெடிட் என்றுதானே விழுகிறது? பி.காம். படித்து வந்தவர்களிடம் கேட்டால் விதியை மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்கிறார்கள்.

மூன்றாவது, என் குழுவில் உள்ள மற்ற நால்வரும் விடுதியில் இருப்பவர்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் கூடிப் பேசி முடித்துவிட்டு, ஸ்லைடுகளை அழகுபடுத்தும் வேலையை மட்டும் எனக்கு அனுப்புகிறார்கள்.

அப்பா துறைமுகத்துக்கு அருகே படகுகளுக்கு வேண்டிய கயிறு, வலை, பெயின்ட், என்ஜின் உதிரிபாகங்கள் விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறார். அதை ஒழுங்காக நடத்தி வளர்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன். இப்போதோ, கட்டிய பணம் போனால் போகட்டும், விலகிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

இரண்டாம் ஆண்டு, லாஸ்பேட்டை:

விலகுவதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம், தங்கையே. சென்ற ஆண்டு இதே வாரங்களில் நானும் கேஸ் முழுவதையும் அடிக்கோடிட்டுப் படித்துவிட்டுப் போய் வாயடைத்து நின்றவன்தான்.

கேஸை வைத்து விவாதித்துப் படிக்கும் இந்த முறை வளர்ந்தது அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில். 1908-இல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளி, சட்ட மாணவர்கள் தீர்ப்புகளை வைத்து வாதிட்டுப் படிப்பதைப் பார்த்துத்தான் இதை எடுத்துக்கொண்டது. வணிகத்துக்கென்று முதல் கேஸ் அங்கே 1921-இல் எழுதப்பட்டது. வழக்காட நிற்பவர் வழக்கின் கதையைச் சொல்லிவிட்டு உட்கார முடியாதல்லவா? தம் கட்சி எது என்று சொல்லியாக வேண்டும். உங்கள் பேராசிரியர் கேட்டதும் அதைத்தான்.

நான் இப்போது கடைப்பிடிக்கும் முறை இது. முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் முதலில் படித்துவிடுவேன். முடிவெடுக்க வேண்டியவர் யார், எதைப் பற்றி, எந்தத் தேதிக்குள் என்பது பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில் கிடைத்துவிடும். அடுத்து, பின்னால் இருக்கும் அட்டவணைகளைப் பார்த்து, எந்த எண் திடீரென்று ஏறியிருக்கிறது அல்லது இறங்கியிருக்கிறது என்று வட்டமிடுவேன். நடுவில் உள்ள பக்கங்களை அதன்பிறகுதான் படிப்பேன். அப்போது எதைத் தேடிப் படிக்கிறோம் என்பது தெரிந்திருக்கும். கடைசியாக, “நான் இதைச் செய்வேன், ஏனென்றால் இந்த எண் இப்படிச் சொல்கிறது” என்று இரண்டே வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதி, வாய்விட்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போவேன். வகுப்பு தொடங்கிய முதல் பத்து நிமிடங்களுக்குள் அந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லிவிடுங்கள். நேரம் போகப் போக எல்லோரும் எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். நாம் தயார் செய்ததைச் சொல்ல இடம் இருக்காது. உங்கள் முடிவு தவறென்று நாலு பேர் மறுத்தாலும் கவலைப்பட வேண்டாம், விவாதம் உங்கள் வாக்கியத்திலிருந்து கிளம்பியது என்பதைப் பேராசிரியர் குறித்துக்கொள்வார்.

ஓய்வுபெற்ற கணக்கியல் ஆசிரியர், முத்தியால்பேட்டை:

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்வி மிகவும் நியாயமானது. விதியை மனப்பாடம் செய்யச் சொன்னவர்களும் ஒரு காலத்தில் இதே இடத்தில் தடுமாறியிருப்பார்கள்.

‘வரவு’ என்ற சொல்லை நாம் வீட்டில் ‘வரவு செலவு’ என்ற இணையில் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கணக்கேட்டில் அது ‘பற்று வரவு’ என்ற வேறோர் இணையில் நிற்கிறது. குழப்பம் முழுவதும் இங்கேதான் பிறக்கிறது. உங்கள் அப்பாவின் கடன் நோட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு படகுக்காரர் பெயரிலும் ஒரு பக்கம் இருக்கும். அவர் கயிறு வாங்கிப் போனால் அது அவர் பக்கத்தில் பற்று. பணம் கொண்டுவந்து கொடுத்தால் அவரிடமிருந்து வரவு. பெற்றவருக்குப் பற்று, தந்தவருக்கு வரவு. இப்போது கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளாக எண்ணி, அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படகுக்காரர் 2,000 ரூபாய் தந்தார், கல்லா பெற்றுக்கொண்டது. ஆகவே கல்லாவின் பக்கத்தில் 2,000 பற்று, அவருடைய பக்கத்தில் 2,000 வரவு. இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சோலி 1494-இல் வெனிசில் அச்சிட்டு விளக்கிய, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இப்படி இரண்டு இடங்களில் எழுதும் இரட்டைப் பதிவு முறையின் அடிப்படையும் இதுவே.

பாஸ்புக் ஏன் மாறித் தெரிகிறது என்றால், அது வங்கியின் நோட்டில் உங்கள் பெயருக்குள்ள பக்கம். பணம் உங்களிடமிருந்து வந்ததால் வங்கி உங்களுக்கு வரவு வைக்கிறது. உங்கள் நோட்டில் வங்கிக்கு ஒரு பக்கம் திறந்தால், அங்கே பெற்றவர் வங்கி, அதனால் பற்று. யாருடைய நோட்டு, யாருடைய பக்கம் என்று ஒவ்வொரு பதிவுக்கும் கேட்டுக்கொண்டால் போதும்.

இனி, நீங்கள் போகிற போக்கில் சொன்ன கடையைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். தமிழ்நாட்டில் 2017-க்கு முன்பு அது 45 நாள்களாக இருந்தது. விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் பெயின்ட் அடிப்பதும் வலை மாற்றுவதும் அந்த நாள்களில்தான். ஆகவே உங்கள் கடையில் சரக்கு மிகுதியாகப் போகும் காலமும், வாங்குபவர் கையில் காசே இல்லாத காலமும் ஒன்றாக வந்து சேருகின்றன. ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். எண்கள் நானாக வைத்தவை. ஒரு மாத விற்பனை 6,00,000 ரூபாய். சரக்கின் அடக்கவிலை 5,10,000. வாடகை, கூலி 30,000. இலாபம் 60,000. ஆனால் விற்றதில் 1,00,000 மட்டுமே ரொக்கம், 5,00,000 கடன். மொத்த வியாபாரிக்கு முப்பது நாளில் 5,10,000 கொடுத்தாக வேண்டும். வந்த 1,00,000-த்திலிருந்து 30,000-த்தையும் 5,10,000-த்தையும் கழித்தால் 4,40,000 ரூபாய் துண்டு விழுகிறது. இலாபத்தில் நடக்கும் கடை வட்டிக்குக் கடன் தேடுகிறது! வரவேண்டிய 5,00,000-த்திலிருந்து இந்த 4,40,000-த்தைக் கழித்தால் அதே 60,000 வந்து நிற்பதைக் கவனியுங்கள். இலாப நட்டக் கணக்கும் ரொக்க ஓட்டமும் எங்கே பிரிகின்றன, எங்கே சேருகின்றன என்பதை நடைமுறை மூலதனப் (அன்றாட வியாபாரம் ஓடத் தேவையான பணம்) பாடத்தில் இன்னும் சில வாரங்களில் உங்களுக்கு நடத்துவார்கள். வகுப்பில் மற்றவர்கள் புத்தகத்தில் எண்களாகப் பார்க்கப்போவதை, நீங்கள் ஆண்டுதோறும் வீட்டிலேயே பார்த்து வருகிறீர்கள்.

கிருமாம்பாக்கம்:

கல்லூரி நாள்களில் நானும் பேருந்தில் போய் வந்தவன் என்பதால் மூன்றாவது கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். இரவுக் கூட்டத்தைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வதைவிட, மதிய உணவு இடைவேளையில் இருபது நிமிடம் கூடலாம் என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்கும்போதே அடுத்த கேஸின் அட்டவணைகளை நான் கணக்கிட்டுக் கொண்டுவருகிறேன் என்று பொறுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். குழுவில் எண்களை வைத்திருப்பவரை விட்டுவிட்டு எவராலும் பேச முடியாது. ஸ்லைடு செய்பவரை விட்டுவிட்டுப் பேசலாம். இயற்பியல் படித்த உங்களுக்கு அட்டவணை பார்ப்பது கடினமும் இல்லை. முதல் பருவம் முடிந்த பிறகு, விடுதியில் சேரக் கல்விக்கடனில் வழியிருக்கிறதா என்று வங்கியில் விசாரியுங்கள்.

முதுநகர் மாணவி:

பதில் எழுதிய மூவருக்கும் என் நன்றி. நேற்று இரவு கடை அடைத்த பிறகு அப்பாவின் கடன் நோட்டைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ‘ப’ என்றும் வலப்பக்கம் ‘வ’ என்றும் எழுதியிருக்கிறார். சிறுவயதிலிருந்து பார்த்த நோட்டுதான். அந்த எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான்கு படகுக்காரர்களின் பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தோம். ஏப்ரல் பிற்பாதியிலும் மே மாதத்திலும் ‘ப’ பக்கம் நிறைந்திருக்கிறது, ‘வ’ பக்கம் அநேகமாக வெறுமையாக இருக்கிறது. ஜூன் கடைசியில் மீன் ஏலம் தொடங்கிய பிறகே வரவு விழத் தொடங்குகிறது. அந்த இடைவெளிக்கு அப்பா நகையை அடகு வைத்துத்தான் சமாளித்தார் என்பதும் நேற்றுதான் எனக்குத் தெரிந்தது.

கல்லாவுக்கும் வங்கிக்கும் புதிதாக இரண்டு பக்கங்கள் திறந்து ஜூலை மாதப் பதிவுகளை எழுதிப் பார்த்தேன். இரண்டாம் முறை பற்றும் வரவும் சரியாக நின்றன. குழுவினரிடமும் இன்று பேசினேன். வெள்ளிக்கிழமை மதியம் கூடுகிறோம், அட்டவணைகள் என் பொறுப்பு. ஐயா, ஒரு கேள்வி மீதமிருக்கிறது: மொத்த வியாபாரியிடம் அந்த இரண்டு மாதங்களுக்கு மட்டும் தவணையை 75 நாளாக நீட்டிக் கேட்டு, அதற்கு ஈடாக மற்ற மாதங்களில் உடனடி ரொக்கம் தருவதாகச் சொன்னால், அவர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது ஏற்கத்தக்கதாக இருக்குமா?

ஓய்வுபெற்ற கணக்கியல் ஆசிரியர், முத்தியால்பேட்டை:

இருக்கும். ஆனால் கேட்கப் போவதற்கு முன், உடனடி ரொக்கத்தால் அவருக்கு எத்தனை நாள் வட்டி மிச்சம், நீட்டிய தவணையால் எத்தனை நாள் வட்டி கூடுதல் என்று அவருடைய நோட்டை நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள், அம்மா. கூடுதல் வட்டியைவிட மிச்சமாகும் வட்டி அதிகமாக இருந்தால் அந்தத் தாளையே அவர் முன் வையுங்கள். போகும்போது அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள்.