விலங்கியலா, சமூகப்பணியா: பிளஸ் டூ முடித்த பிறகு எதை முதலில் படிப்பது?

தேயிலைக்காட்டுப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தேன். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் குரூப். வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருக்கிறோம். அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பாவுக்கு தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பக்கம் வேலை.

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளுக்குக் கீழே ஒரு சத்துணவுக்கூடம் உண்டு. அரிசி, பருப்பு வாசனைக்கு யானை வந்து அதன் ஜன்னலைப் பெயர்த்துவிட்டுப் போயிருந்தது. மறுநாள் பார்க்க வந்தவர்களில் ஒரு அண்ணன், ஈர மண்ணில் பதிந்த காலடியை டேப் வைத்துச் சுற்றளவு எடுத்தார். இத்தனை என்றால் தோள் உயரம் சுமாராக அதைப்போல் இரண்டு மடங்கு என்று சொன்னார். கூட வந்த அக்கா எங்கள் அம்மாவோடும் மற்றவர்களோடும் திண்ணையில் உட்கார்ந்து, காலையில் எந்த வழியாகத் தேயிலைக்காட்டுக்குப் போகிறீர்கள், யானை பக்கத்தில் இருக்கிறது என்று எஸ்.எம்.எஸ். வந்தால் யார் படித்துச் சொல்வார்கள், யானைக்கான எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு எரிவது உங்கள் வீட்டிலிருந்து தெரிகிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு பேர் வேலையும் பிடித்துவிட்டது. அண்ணன் படித்தது விலங்கியலாம், அக்கா படித்தது சமூகப்பணியாம்.

என் கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் சேரவா, சமூகப்பணி இளநிலையான பி.எஸ்.டபிள்யூ. சேரவா? ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றுக்கு மாற முடியுமா? அப்பாவுக்கு நான் டீச்சர் ஆக வேண்டும். விலங்கியல் என்றால் தவளையை அறுக்கணும், நம் வீட்டில் அது வேண்டாம் என்கிறார் அம்மா. படிப்பை மாற்றினால் 'கிராஸ் மேஜர்' ஆகிவிடும், அரசு வேலையே கிடைக்காது என்று பக்கத்து லைன் மாமா வேறு பயமுறுத்துகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விரியன் அக்கா:

தங்கச்சி, நான் பி.எஸ்சி. விலங்கியல் முடித்து, சமூகப்பணி முதுநிலையான எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் வாசல் கணக்கு. எம்.எஸ்.டபிள்யூ. சேர ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். பி.காம்., தமிழ் இலக்கியம், கணிதம், விலங்கியல், எல்லோரும் என் வகுப்பில் இருந்தார்கள். ஆனால் எம்.எஸ்சி. விலங்கியலுக்கு, பி.எஸ்சி.யில் விலங்கியலோ அதையொட்டிய உயிரியல் பாடமோ படித்திருக்க வேண்டும். பி.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு அங்கே போய் நின்றால் விண்ணப்பமே வாங்க மாட்டார்கள். பி.எஸ்சி. விலங்கியலுக்கே பிளஸ் டூவில் உயிரியலோ விலங்கியலோ வேண்டும், அது உன்னிடம் இருக்கிறது. பி.எஸ்.டபிள்யூ.வுக்கு எந்த குரூப் எடுத்திருந்தாலும் சரி. ஆகவே விலங்கியலிலிருந்து சமூகப்பணிக்குப் போகலாம், சமூகப்பணியிலிருந்து விலங்கியலுக்கு வர முடியாது. மனசு இரண்டிலும் இருக்கிறவள் எதை முதலில் படிப்பாள், நீயே சொல்.

அம்மாவின் தவளைக்கு வருகிறேன். அந்தக் காலம் போய்விட்டது. விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொல்லி பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2014இல் உத்தரவு போட்டுவிட்டது. இப்போது படம், மாடல், கம்ப்யூட்டர். அப்புறம் ஃபார்மலின் ஜாடிக்குள் எங்கள் பாட்டன் காலத்திலிருந்து மிதக்கிற நாடாப்புழு. ஸ்பாட்டர் பரீட்சையில் அதற்கு முன்னால் நின்று பெயர், வகுப்பு, இரண்டு சிறப்புக் குறிப்பு எழுத வேண்டும். மணி அடித்ததும் அடுத்த ஜாடிக்கு நகர வேண்டும். அதற்கு மேல் பயமுறுத்தும் எதுவும் இல்லை. பயமெல்லாம் துணைப்பாடமாக வரும் அலைடு கெமிஸ்ட்ரியில்தான். விலங்கியலில் அரியர் வைத்தவர்களைவிட அதில் வைத்தவர்கள்தான் எங்கள் வகுப்பில் அதிகம். வேதியியலை வெறுக்கிறவளாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு.

இப்போது என் வேலை. நெல் வயல் சூழ்ந்த கிராமங்களில் பாம்புக்கடி தடுப்பு பற்றிப் பேசுகிற ஒரு சிறு அமைப்பில் இருக்கிறேன். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுகிற பாம்பு. பெரும்பாலும் தரையில் படுத்துத் தூங்குகிறவரைத்தான் கடிக்கும். கடித்த இடத்தில் வீக்கமும் இருக்காது, பெரிய வலியும் இருக்காது. விடியும்போது வயிறு வலிக்கிறது என்பார், கண் இமை தூக்க வராது, பேச்சு குழறும், அப்புறம் மூச்சுத் திணறும். வீட்டில் இருப்பவர்கள் ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருப்பார்கள். இதை எனக்குச் சொல்லித் தந்தது விலங்கியல்.

ஆனால் ஊரில் போய் 'கட்டிலில் படுங்கள், கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகுங்கள்' என்று சொன்னபோது ஒரு பாட்டி, 'கட்டில் ஒன்றுதான், அதில் மருமகளும் பச்சைக் குழந்தையும் படுக்கிறார்கள், நான் எங்கே போக?' என்று கேட்டார். அந்த இடத்திலிருந்துதான் சமூகப்பணி தொடங்குகிறது. அந்த வீட்டுக்கு ஒரு கொசுவலை வாங்கித் தருவதா, பெண்கள் சுயஉதவிக் குழுவில் பேசுவதா, பஞ்சாயத்துத் தலைவரைப் பார்ப்பதா, கடித்தவரை மந்திரிக்கக் கூட்டிப் போகிறவரைப் பகைத்துக்கொள்ளாமல் 108க்கு அவரையே போன் செய்ய வைப்பது எப்படி? கடித்து இறந்தவரின் மனைவிக்கு விதவை உதவித்தொகை விண்ணப்பத்தோடு என்னென்ன காகிதம் வைக்க வேண்டும்? எந்த விலங்கியல் புத்தகத்திலும் இது இல்லை.

நீ பார்த்த அண்ணனும் அக்காவும் செய்தது இதே வேலையின் இரண்டு பாதி.

மதுரைக்காரன்:

அக்கா சொல்கிற வாசல் கணக்கு சரி. ஆனால் ஒரு பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார். நான் பி.எஸ்.டபிள்யூ., அதற்கு மேல் எம்.எஸ்.டபிள்யூ. இரண்டும் படித்தவன்.

பி.எஸ்.டபிள்யூ.வில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஃபீல்டு ஒர்க் ஆரம்பித்துவிடும். முதியோர் இல்லம், குடிசைப் பகுதி, மனநலக் காப்பகம் என்று அனுப்புவார்கள். திரும்பி வந்து அறிக்கை எழுத வேண்டும். 'சென்றேன், பார்த்தேன், பேசினேன்' என்று எழுதினால் சூப்பர்வைசர் சிவப்பு மையில் 'நீ என்ன செய்தாய்?' என்று எழுதித் திருப்பித் தருவார். பதினெட்டு வயதில் அப்படி அடி வாங்கியவனுக்கும், பட்டம் முடித்த பிறகு எம்.எஸ்.டபிள்யூ.வில்தான் முதல்முறையாக ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறவருக்கும் வித்தியாசம் தெரியும். எங்கள் எம்.எஸ்.டபிள்யூ. வகுப்பில் முதல் செமஸ்டரில் 'கேஸ் ஒர்க் என்றால் கோர்ட்டு கேஸா?' என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஒரு ஆளோடு, ஒரு குடும்பத்தோடு தனியாக உட்கார்ந்து அவர்கள் பிரச்சினையைப் பார்ப்பதுதான் கேஸ் ஒர்க்.

குழந்தைகள் பாதுகாப்பு அலகு மாதிரி இடங்களில் சமூகப்பணியாளர் பதவிக்கு சமூகப்பணி, சமூகவியல் பட்டத்தைத்தான் கேட்கிறார்கள். இளநிலையிலேயே அது கையில் இருந்தால் வீட்டுக் கஷ்டத்துக்கு மேல்படிப்பு தள்ளிப்போனாலும் வேலை தேடலாம். எஸ்டேட் வீட்டுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. எம்.எஸ்.டபிள்யூ. சேருகிறவர்களில் நிறையப் பேர் ஹெச்.ஆர். எடுத்து கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். தப்பில்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 500 தொழிலாளரோ அதற்கு மேலோ இருந்தால் நல அலுவலர் வைக்க வேண்டும் என்று இருந்தது, அந்த மாதிரி வேலைக்குப் போக இந்தப் படிப்பு ஒரு வழி. ஆனால் யானைக்கும் ஊருக்கும் நடுவில் நிற்க ஆசைப்படுகிறவர் சேர்கிற இடத்தில் சமுதாய வளர்ச்சிப் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

பிள்ளை அப்பாவிடம் நேராகச் சொல்லட்டும்: டீச்சர் வேலை வேண்டுமானால் பி.எஸ்.டபிள்யூ. ஆகாது. பள்ளிக்கூடத்தில் சமூகப்பணி என்று ஒரு பாடமே கிடையாது. பி.எஸ்சி. விலங்கியல், பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வான டெட், இப்படித்தான் பட்டதாரி ஆசிரியர். மேல்நிலை வகுப்புக்கு எம்.எஸ்சி. விலங்கியலும் பி.எட்.டும் வேண்டும்.

அந்த மாமா சொன்ன கிராஸ் மேஜர் சமாச்சாரம் பாதி உண்மை. முதுநிலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.எஸ்சி. இயற்பியல் படித்து எம்.ஏ. ஆங்கிலம் வாங்கியவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள். விலங்கியலுக்கு மேல் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவருக்கு அந்தத் தொல்லை எங்கிருந்து வரும்? பள்ளியில் இல்லாத பாடத்துக்குப் போட்டி போட யாரும் கூப்பிடப் போவதில்லை. இளநிலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு பி.எட். முடித்து உயிரியல் ஆசிரியராக அப்போதும் போகலாம். கல்லூரியில் கற்பிக்க ஆசை என்றால், எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர் யு.ஜி.சி. நெட் தேர்வில் சமூகப்பணி எழுதுவார். எம்.எஸ்சி. விலங்கியல் படித்தவர் சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் உயிர் அறிவியல் எழுதுவார்.

காட்டு வேலைக்கும் ஒரு வார்த்தை. இந்திய வனப்பணித் தேர்வுக்கு விலங்கியல், தாவரவியல், இயற்பியல், வேதியியல், கணிதம் போன்ற பாடங்களில் ஒன்றாவது பட்டப்படிப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் விவசாயம், வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். ரேஞ்சர் ஆவதற்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனப் பயிலுநர் தேர்வுக்கும் விலங்கியல் செல்லும். இந்த இரண்டிலும் பி.எஸ்.டபிள்யூ.வுக்கு இடமில்லை. கலெக்டர் ஆக எந்தப் பட்டமும் போதும், ரேஞ்சர் ஆகப் போதாது. நம் நாட்டுச் சட்டதிட்டம் அப்படி!

தேயிலைக்காட்டுப் பெண்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவிடம் தவளை விஷயத்தைப் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டார். அப்பா வாத்தியார் சார் எழுதியதை மட்டும் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார்.

ஒரு சந்தேகம். மதுரை அண்ணன் சொல்கிற ஃபீல்டு ஒர்க் ஆசையாக இருக்கிறது. பி.எஸ்சி. விலங்கியல் கல்லூரியில் சேர்ந்து, பி.எஸ்.டபிள்யூ.வைத் தபாலில் படிக்கலாமா? இரண்டு டிகிரி ஒரே நேரத்தில் படிக்கலாம் என்று சொல்கிறார்களே? கோயம்புத்தூரில் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும், செலவையும் பார்க்க வேண்டும்.

விரியன் அக்கா:

படிக்கலாம். ஒன்று கல்லூரியில் நேரடியாக, இன்னொன்று தொலைநிலையில் என்று ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022இல் யு.ஜி.சி. அனுமதி கொடுத்தது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலையான இக்னோவில் பி.எஸ்.டபிள்யூ.வும் உண்டு. ஆனால் நீ செய்யாதே. அதற்கும் ஃபீல்டு ஒர்க் உண்டு. சனி ஞாயிறில் ரெக்கார்டு நோட்டுக்குப் படம் வரைவாயா, குடிசைப் பகுதிக்குப் போவாயா? எப்படியும் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு எந்தப் பட்டமும் போதும் எனும்போது அந்தப் பணத்தை ஹாஸ்டலுக்குக் கட்டு. களம் வேண்டும் என்றால் கல்லூரியில் என்.எஸ்.எஸ்.ஸில் சேர். லீவுக்கு ஊருக்கு வரும்போது அந்த அண்ணன், அக்காவோடு நோட்டு எடுத்துக்கொண்டு நட. மதுரைக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர் சொன்ன சிவப்பு மை அடி எனக்கும் விழுந்தது. பதினெட்டில் விழுந்தாலும் இருபத்தொன்றில் விழுந்தாலும் வலி ஒன்றுதான்.

செலவைச் சொன்னாய். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் இளநிலைப் பட்டம் முடியும்வரை மாதம் 1000 ரூபாய் வரும். கல்லூரியில் சேர்ந்ததும் கேள், பேங்க் கணக்கு உன் பெயரில் ஆதாரோடு இணைந்திருக்கட்டும். வீட்டில் முதல் பட்டதாரி நீதான் என்றால் அந்தச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் இப்போதே போட்டு வை. அட்மிஷன் நேரத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது.

அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் ஒரே விண்ணப்பம். மொழிப் பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடத்தின் மதிப்பெண்ணை 400க்குப் போட்டு ரேங்க் எடுப்பார்கள். கோவை அரசுக் கலைக் கல்லூரியை முதலில் வை. மூன்றாம் வருஷத்தில் பயோ-ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வந்தால் தூங்கிவிடாதே. எம்.எஸ்.டபிள்யூ. ஆய்வறிக்கையில் கை-ஸ்கொயர் என்கிற புள்ளியியல் கணக்கைப் போடத் தெரிந்தவளைச் சுற்றி வகுப்பே உட்கார்ந்திருக்கும். நான் அப்படித்தான் நிறைய டீ குடித்தேன்.

அதற்குப் பிறகு எங்கே என்பதை அப்போது யோசிக்கலாம். பாரதியார் பல்கலையில் இரண்டு துறையும் உண்டு. சென்னையில் 1952இலிருந்து நடக்கிற மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், மும்பையில் 1936இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனம் (டிஸ்), திருவாரூர் மத்தியப் பல்கலை எல்லாம் இருக்கின்றன. கடைசி இரண்டுக்கும் க்யூட் முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஒருவேளை மூன்று வருஷத்தில் உன் மனசு காட்டுப் பக்கமே சாய்ந்துவிட்டால் ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் முதுநிலை இருக்கிறது. அப்போது என்னிடம் வந்து மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம்.

மதுரைக்காரன்:

கோபமில்லை அக்கா. தங்கச்சிக்கு ஒன்று மட்டும்: முடிவான மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் மூன்றுக்கும் ஜெராக்ஸ் நிறைய எடுத்து வை. நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த பிறகு ஒரு நகல் குறைகிறது என்று திருப்பி அனுப்பினால் அன்றைக்குத் திரும்பி வர முடியாது.

தேயிலைக்காட்டுப் பெண்:

சரி அண்ணா. விண்ணப்பத்தில் விலங்கியலை முதல் விருப்பமாகப் போட்டிருக்கிறேன். முதல் பட்டதாரி சான்றிதழுக்குத் தாத்தா, பாட்டி விவரமெல்லாம் கேட்கிறார்களாம், அப்பா நாளைக்கு ஷிஃப்ட் முடிந்து வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போகிறார்.