சிங்கள அலுவலர்களுக்குச் சுட்டுச்சொல் படிப்பிக்க உதவி தேவை

கேள்வி (அம்பாறை):
பின்னேரங்களில் அரச அலுவலர்களுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். 2007 யூலை 1க்குப் பிறகு சேவைக்கு வந்தவர்களுக்கு மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி வேணும். எழுத்து, வேற்றுமை எல்லாம் பிடிக்கிறார்கள், சுட்டில்தான் தடக்குப்படுகிறார்கள். சிங்களத்தில் 'மே' என்றால் 'இந்த', சரி. 'ஒய', 'அர', 'ஏ' மூன்றுக்கும் 'அந்த' என்றே சொல்ல வேண்டியிருக்கு. "டீச்சர், மூண்டும் ஒண்டா?" என்று கேட்கிறார்கள். எப்படி விளக்கலாம்?

பதில் (கல்லடி):
தங்கச்சி, அவங்கட கேள்வி நல்ல கேள்வி. 'ஒய' கேட்கிறவர் பக்கம் இருக்கிறது. 'நீங்கள்' என்கிற 'ஓயா'வும் அதோட சொந்தம்தான். 'அர' ரெண்டு பேருக்கும் தள்ளி, ஆனா கண்ணுக்குத் தெரியிறது. 'ஏ' கண்ணில படாதது, முன்னமே பேசினது.

எங்களிட்டயும் மூன்று சுட்டு இருந்தது. தொல்காப்பியம் அ, இ, உ என்று மூன்றையும் சொல்லுது. எழுத்தில உகரம் போயிட்டுது, யாழ்ப்பாணப் பேச்சில இன்னும் உயிரோட இருக்கு: "உதென்ன கையில?", "உங்கை மழையோ?" இதை ஒருக்கா வகுப்பில சொல்லிப் பாருங்க, 'ஒய'வோட உடனே பொருத்திக்கொள்வாங்க. யப்பான் மொழியிலும் கொரே, சொரே, அரே என்று இதே மூன்று இடம்.

கந்தோரில பேச 'அந்த' போதும், இடத்தையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்க: "உங்கட கையில இருக்கிற அந்த பைல்", "மதிலோரம் நிக்கிற அந்த சைக்கிள்", "நேத்துக் கதைச்ச அந்த விண்ணப்பம்." மேசையில பைலை வைத்து ஆளை மாத்தி மாத்தி இருத்திக் கேளுங்க. பைல் அசையாது, சொல் மாறும். அதைக் கண்ணால பார்த்தால்தான் மனதில நிக்கும்.

கேட்டவர்:
மிச்சம் நன்றி அண்ணன், நாளைக்கே செய்து பார்க்கிறேன். இன்னொன்று. ஒருவர் எழுதின அறிவித்தல்: "நாளை நாங்கள் வாய்க்கால் துப்புரவு செய்வோம்." இலக்கணப் பிழை இல்லை, ஆனால் ஊராக்களையும் கூப்பிடத்தான் எழுதினாராம்.

பதில் (சம்மாந்துறை):
டீச்சர், சிங்களத்தில 'அபி' ஒண்டுதான், கேட்கிறவரைச் சேர்த்தாலும் விட்டாலும். எழுத்துத் தமிழில 'நாங்கள்' என்றால் கந்தோர்க்காரர் மட்டும். வாசிக்கிறவர் வீட்டில இருந்திடுவார். 'நாம்' ஆக்குங்க. மலாயிலும் இந்தப் பிரிவு இருக்கு: கித்தா எல்லாரும், காமி கேட்கிறவர் இல்லாம. 'தா', 'குடு' ரெண்டையும் பாருங்க, அதுக்கும் சிங்களத்தில 'தெனவா' ஒண்டுதான். எனக்கும் உங்களுக்கும் தாறது, மூன்றாம் ஆளுக்குக் குடுக்கிறது.

'நாளை'யை வெட்டிட்டுத் திகதியைப் போடச் சொல்லுங்க. பலகையில ஒட்டின தாளை ஆக்கள் எந்த நாளிலயும் வாசிப்பாங்க.