மறைப்புக்குள் இன்னொரு மறைப்பு: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நள்ளிரவு_ஒளி:
2023-இல் ஒரு ராத்திரி நாசாவின் டெஸ் விண்வெளித் தொலைநோக்கித் தரவில் லைட் கர்வ் (நட்சத்திரத்தின் ஒளி நேரத்தோடு ஏறி இறங்குவதைக் காட்டும் கோடு) பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண மறைப்பு இரட்டை (ஒன்றையொன்று மறைக்கும் ஜோடி நட்சத்திரம்), இரண்டு நாளுக்கு ஒரு பள்ளம். ஆனால் 27 நாள் பகுதியின் (டெஸ் ஒரே இடத்தைத் தொடர்ந்து பார்க்கும் காலம்) கடைசியில் ஒரு பள்ளம் மட்டும் வேறு மாதிரி: கிட்டத்தட்ட ஒரு நாள் நீளம், நடுவே ஒரு மேடு. சிதறொளி (வெளியிலிருந்து தொலைநோக்கிக்குள் சிதறி நுழையும் ஒளி) என்று நினைத்து அடுத்ததற்குப் போய்விட்டேன். அந்த நட்சத்திரத்தின் பட்டியல் எண்ணைக்கூடக் குறிக்கவில்லை. அடுத்த வருஷம் டிஐசி 290061484 என்ற நட்சத்திரத் தொகுதி பற்றிய செய்தி வந்தது. 1.8 நாளில் சுற்றும் ஜோடி, அதோடு 24.5 நாளில் சுற்றும் மூன்றாவது நட்சத்திரம், மூன்றும் ஒன்றையொன்று மறைக்கின்றன. படித்ததும் அந்த மேடுதான் கண்முன் வந்தது. நான் பார்த்தது அந்த நட்சத்திரம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் இன்றுவரை மனசு ஆறவில்லை.

மாடிவானம்:
எனக்குத் தரவெல்லாம் பழக்கமில்லை, வெறும் கண்தான். நான் பார்த்தது அல்கோல், பெர்சியஸ் விண்மீன் குழுவில் அவ்வப்போது மங்கும் நட்சத்திரம். நவம்பர், டிசம்பர் முழுக்க மழை மேகம், ஜனவரியில்தான் வாய்த்தது. 7 மணிக்கு அல்மாக் நட்சத்திரம் அளவுக்குப் பளிச்சென்று இருந்தது. 11:30-க்கு அம்மாவை எழுப்பி மாடிக்குக் கூட்டிவந்தேன். வானத்தையே பார்த்திருந்துவிட்டு, "சாயந்தரம் காட்டினியே, அந்தப் பெரிசு எங்கடா?" என்று கேட்டார். அங்கேயேதான் இருந்தது, அதே குழுவின் டெல்டா பெர்செயைவிட மங்கலாக. அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை.

கோடும்_புள்ளியும்:
மாடிவானம், அழகான அனுபவம், ஆனால் மூன்று நட்சத்திர மறைப்பு பற்றிய இந்த இழைக்குப் பொருந்தாது. அல்கோலின் மூன்றாவது நட்சத்திரம் சுமார் 680 நாளில் சுற்றுகிறது, நம் பார்வைக்கு எதையும் மறைப்பதில்லை. நீங்கள் பார்த்தது உள்ளே இருக்கும் ஜோடியின் மறைப்பு.

நள்ளிரவு_ஒளி, உங்களுக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும். பகுதியின் கடைசியில் என்றால் சிதறொளியாக இருக்க நிஜமாகவே வாய்ப்புண்டு. முதலில் பக்கத்து நட்சத்திரங்களின் லைட் கர்வை எடுங்கள். அங்கும் அதே சரிவு இருந்தால் விட்டுவிடலாம். இல்லையென்றால் பிக்சலைப் பாருங்கள். டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 வில்நொடி அகலம் (ஒரு வில்நொடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு), சம்பந்தமில்லாத இரண்டு இரட்டைகள் அதற்குள் தாராளமாக அடங்கும். அப்படிக் கலந்திருந்தால் இரண்டு பள்ளங்களும் சும்மா கூடும், ஒன்றின் நேரத்தை இன்னொன்று தொடாது. நிஜமான மும்மையில் (மூன்று நட்சத்திரத் தொகுதியில்) ஜோடி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே மூன்றாவதைக் கடக்கும். அதனால்தான் நடுவில் மேடு வரும், அடுத்த தடவை வடிவமே மாறும். கடைசியாக, ஜோடியின் மறைப்பு நேரங்களை வரிசையாகக் குறியுங்கள். கணக்குப்படி வர வேண்டிய நேரத்துக்கு முந்தியும் பிந்தியும் மாறி மாறி வந்தால் மூன்றாவது ஆள் இழுக்கிறது என்று பொருள். ஒரே பகுதியை வைத்து முடிவு கட்ட வேண்டாம், டெஸ் அதே இடத்துக்குத் திரும்ப வந்திருக்கும்.

மாடிவானம்:
மறைக்காவிட்டால் என்ன, அங்கே மூன்று பேர் இருக்கிறார்கள்தானே? 1783-இல் குட்ரிக் என்ற வானியலாளர் அல்கோல் மங்கும் இடைவெளியை 2 நாள் 21 மணி என்று கணித்ததும் கண்ணால் பார்த்துத்தான். யாராவது பார்க்கப் போனால் ஒன்று: பக்கத்து நட்சத்திரமான ரோ பெர்செயோடு ஒப்பிடாதீர்கள், அதன் பிரகாசமும் மாறும்.

வெண்முயல்:
நள்ளிரவு_ஒளி, எனக்கு நடந்தது உங்களுக்கு நேர் எதிர். கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கித் தரவில் எச்டி 181068 என்ற மும்மையை எடுத்து வரைந்தேன். சிவப்புப் பெருமீன் (வயதாகி வீங்கிய நட்சத்திரம்) ஒன்று, அதைச் சுற்றி 0.9 நாள் ஜோடி, வெளிச்சுற்று 45.5 நாள். பெரிய மறைப்பு வரும்போது சின்னப் பள்ளங்கள் அப்படியே காணாமல் போயின. என் நிரலில்தான் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். பிழையே இல்லை. மூன்றின் மேற்பரப்பும் ஏறக்குறைய ஒரே பிரகாசம். பெருமீனின் முன்னால் ஜோடி வந்தால் பின்னணியோடு கரைந்துவிடுகிறது. அந்தத் தட்டையான கோட்டை அச்செடுத்து ஒட்டி வைத்திருக்கிறேன்.

நள்ளிரவு_ஒளி:
கோடும்_புள்ளியும், முந்தி பிந்தி வருவதைப் பார்க்க எத்தனை மறைப்பாவது வேண்டும்? பழைய மடிக்கணினியில் உலாவி வரலாறு அழியாமல் இருந்தால் எண் கிடைத்துவிடும். சார்ஜர் தேடிக்கொண்டிருக்கிறேன்.