மாசம் ஒரு ஃப்ளூ வருமா? காய்ச்சல்காரர்களைப் பார்ப்பவர்களின் அனுபவப் பகிர்வு

இழையைத் தொடங்கியவர்

மூக்கு ஒழுகினால் ஃப்ளூ, தொண்டை கரகரத்தால் ஃப்ளூ, மழையில் நனைந்து ரெண்டு தும்மல் போட்டால் அதுவும் ஃப்ளூ. "எனக்கு மாசம் ஒரு ஃப்ளூ வந்துடும்" என்று சொல்கிறவர்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். உண்மையான இன்ஃப்ளூயன்சா ஒருவருக்கு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வருகிறது? வந்தால் எப்படி இருக்கும்? காய்ச்சல்காரர்களை அன்றாடம் பார்க்கிறவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். நோயின் போக்கு, மருந்தின் அளவு, எங்கே தவறு நடக்கிறது என்பதே பலருக்கு உதவும்.

பொது மருத்துவர், வேலூர்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தென் சீனாவின் குவாங்டாங் பகுதியில் 151 பேரின் ரத்தத்தைச் சோதித்து நடந்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. 1968-இலிருந்து 2009 வரை பரவிய எச்3என்2 என்ற ஃப்ளூ கிருமியின் ஒன்பது ரகங்களுக்கு எதிராக அவர்கள் உடம்பில் எவ்வளவு எதிர்ப்பொருள் இருக்கிறது என்று அளந்து, ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் எத்தனை முறை தொற்றியிருக்கும் என்று கணித்தார்கள். 30 வயதைத் தாண்டியவர்களுக்குப் பத்து வருடத்தில் சுமார் இரண்டு முறை என்று வந்தது. குழந்தைகளுக்கு ஒரு வருடம் விட்டு ஒரு வருடம். இது எச்3என்2-க்கு மட்டும். ஃப்ளூவின் மற்ற வகைகளான எச்1என்1, பி வகை இரண்டையும் சேர்த்தால் எண்ணிக்கை கொஞ்சம் கூடும். அப்படியும் மாசம் ஒன்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தொற்று வேறு, படுக்கையில் தள்ளும் நோய் வேறு. இங்கிலாந்தில் 2006 முதல் 2011 வரை வீடு வீடாகத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், தடுப்பூசி போடாதவர்களில் சுமார் 18 சதவீதம் பேருக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் தொற்று ஏற்பட்டது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அறிகுறியே இல்லை, அல்லது கவனிக்கிற அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் அறிகுறியோடு நோய்ப்படுகிறவர்கள் ஒரு பருவத்துக்கு மக்கள்தொகையில் 3 முதல் 11 சதவீதம். சாதாரண சளியோ பெரியவர்களுக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை வரும். பள்ளி போகும் வயதுக்கு முந்தைய குழந்தைக்கு ஆறு முதல் எட்டு முறை வந்தாலும் அது இயல்புதான். அந்தச் சளிக்குக் காரணம் ரைனோ வைரஸும் அதன் கூட்டாளிகளும். ஃப்ளூ கிருமிக்கும் அதற்கும் உறவே இல்லை.

பெரியவர்களுக்கு ஏன் குறைவாக வருகிறது? முன்பு வந்த ரகங்களின் நினைவு உடம்பில் இருக்கிறது. கிருமி தன் மேற்புறப் புரதத்தைச் சிறுகச் சிறுக மாற்றிக்கொண்டே இருப்பதால், அந்த நினைவு சில வருடங்களில் பழசாகிப் போகிறது. அப்போதுதான் மறுபடி பிடிக்கும்.

காய்ச்சல் வார்டு செவிலியர், மதுரை

டாக்டர் எண்ணிக்கையைச் சொல்லிட்டாங்க. எப்படி இருக்கும்னு நான் எழுதறேன்.

நோயாளி வந்து உக்காந்ததும் கேக்கற முதல் கேள்வி, "எப்போ ஆரம்பிச்சது?" தடுமன் பிடிச்சவங்க "ரெண்டு மூணு நாளாவே ஒரு மாதிரி இருந்துச்சு"ன்னு இழுப்பாங்க. ஃப்ளூ வந்தவங்க மணியே சொல்லுவாங்க. "மத்தியானம் நல்லாத்தான் சாப்பிட்டேன், மூணு மணிக்குக் குளிர் எடுத்துச்சு, அஞ்சு மணிக்கு எந்திரிக்க முடியல." இந்த ஒரு பதில்லயே பாதி தெரிஞ்சுடும்.

முதல்ல முதுகுத்தண்டு வழியா ஒரு குளிர் நடுக்கம். ரெண்டு போர்வை போத்தினாலும் அடங்காது. பின்னாடியே தலைவலி, கண்ணைப் பக்கவாட்டுல திருப்புனா வலி. இடுப்பு, தொடை, தோள்பட்டையெல்லாம் உலக்கையால இடிச்ச மாதிரி வலிக்கும். காய்ச்சல் 102-லேருந்து 104 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறும். அக்குள்ல வச்சுப் பாக்கறவங்க ஒண்ணு நினைவு வச்சுக்கணும்: வாயில வச்சா வர்ற அளவைவிட அங்க சுமார் ஒரு டிகிரி குறைவாத்தான் காட்டும். 101-தானேன்னு விட்டுடக் கூடாது. இருமல் வறட்டு இருமலா இருக்கும், நெஞ்செலும்புக்குப் பின்னாடி எரியும். மூக்கொழுகல் இருக்கலாம், ஆனா முக்கியமான தொல்லை அதுவா இருக்காது.

உடம்பு வலிக்குக் காரணம் கேக்கறாங்க. கிருமி பெரும்பாலும் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயைத் தாண்டிப் போறதில்லை. அதை எதிர்க்க உடம்பு சுரக்கற இன்டர்ஃபெரான் மாதிரியான புரதங்கள்தான் ரத்தத்துல ஓடி, உடம்பு பூரா வலியையும் காய்ச்சலையும் உண்டாக்குது.

நாள் கணக்கு இப்படி. தொற்றி ஒண்ணுலேருந்து நாலு நாளுக்குள்ள ஆரம்பிக்கும், பொதுவா ரெண்டாம் நாள். காய்ச்சல் மூணு நாலு நாள். அஞ்சாம் நாள் உடம்பு லேசாகும், ஆனா மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும். இருமலும் அசதியும் ரெண்டு வாரம் தாண்டியும் இருக்கும். மூச்சுக்குழாய்ல தூசியைத் தள்ளிவிடற நுண்ணிய மயிரிழைகள் உதிர்ந்துபோய் திரும்ப முளைக்கணும், அதுக்கு அவ்வளவு நாள் ஆகும். மூணாவது வாரத்துல வறட்டு இருமல் மட்டும் மிச்சம் இருந்தா பதறி ஆன்டிபயாட்டிக் கேக்க வேண்டாம்.

வயசானவங்க விஷயத்துல மேல சொன்னதை நம்பாதீங்க. எழுபது எண்பது வயசுல காய்ச்சலே ஏறாம இருக்கும். சாப்பாட்டை ஒதுக்குவாங்க, பேச்சு குழறும், நாள் கிழமை குழம்பும், பாத்ரூம் போற வழியில விழுந்துடுவாங்க. ஃப்ளூ அங்க அப்படித்தான் முகம் காட்டும்.

மருந்தாளுநர், கோயம்புத்தூர்

கவுண்டரில் தினமும் பார்க்கும் தவறு, பாராசிட்டமாலை இரண்டு வழியில் போட்டுக்கொள்வது. 650 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு நான்கு, மொத்தம் 2,600. அதோடு "சளி மாத்திரை" மூன்று. அதில் ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருந்தால் 1,500. கூட்டினால் 4,100. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்துக்கு 4,000-தான் உச்ச வரம்பு. மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. காய்ச்சலில் சாப்பாடும் இறங்காமல் இருக்கும்போது கல்லீரலுக்கு இது கூடுதல் சுமை. அட்டையின் பின்புறத்தில் உள்ள சேர்மானத்தைப் படியுங்கள், பெயரை மட்டும் பார்க்காதீர்கள்.

அந்தச் சளி மாத்திரைகளில் பெரும்பாலும் ஃபினைல்எஃப்ரின் இருக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாது. இதே மருந்தும் அலர்ஜி மருந்தான குளோர்ஃபெனிரமினும் சேர்ந்த கலவையை நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியது. மூத்த குழந்தைக்கு வாங்கிய சிரப்பைச் சின்னதுக்கும் ஊற்றுவது இன்னும் நடக்கிறது.

அடுத்தது ஆன்டிபயாட்டிக். அஸித்ரோமைசின் மூன்று மாத்திரை என்று பெயர் சொல்லியே கேட்டு வருகிறார்கள். வைரஸை அது தொடாது. மூன்றாம் நாள் காய்ச்சல் தானாக இறங்கும், பெயர் மாத்திரைக்குப் போகும். 2023 மார்ச்சில் எச்3என்2 நாடு முழுக்கப் பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே இதைத் தவிர்க்கச் சொல்லி அறிக்கை விட்டது.

ஃப்ளூவுக்கென்றே உள்ள மருந்து ஒசெல்டமிவிர். பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள். மொத்தம் பத்து கேப்ஸ்யூல். குளிர் எடுத்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன், நோய் சுமார் ஒரு நாள் குறையும். எல்லாருக்கும் தேவையில்லை. கர்ப்பிணி, சர்க்கரை, ஆஸ்துமா, இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு, 65 வயதுக்கு மேல், சின்னக் குழந்தை, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு மோசமானவர்கள்: இவர்களுக்கு டாக்டர் எழுதித் தருவார். இப்படிப்பட்டவர்களுக்கு 48 மணி கடந்திருந்தாலும் கொடுப்பதுண்டு. சாப்பாட்டோடு போட்டால் குமட்டல் குறையும்.

குழந்தைகள் வார்டு செவிலியர், தஞ்சாவூர்

அண்ணன் பெரியவங்க கணக்கைச் சொன்னாங்க. குழந்தைக்கு வயசை வச்சு இல்ல, எடையை வச்சுதான் அளவு: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. 12 கிலோ குழந்தைன்னா 180. பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம்னும் வருது, 250-ன்னும் வருது. முதலாவதுல 7 மில்லி, ரெண்டாவதுல மூன்றரை மில்லி. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்துல ஒரே மில்லில 100 மில்லிகிராம் இருக்கும். "அஞ்சு மில்லி கொடுத்தேன்"னு சொல்ற அம்மாகிட்ட எந்த பாட்டில்னு கேக்காம விடறதே இல்ல. வீட்டு ஸ்பூனால அளக்காதீங்க, பாட்டிலோட வர்ற மூடியோ சிரிஞ்சோதான் சரி. ஆஸ்பிரின் குழந்தைங்களுக்கு வேண்டவே வேண்டாம். ஃப்ளூ சமயத்துல கொடுத்தா மூளையையும் கல்லீரலையும் தாக்கற ரே நோய்க்குறி வர வாய்ப்பு இருக்கு.

அம்மா அப்பாக்களைக் கலங்கவைக்கற ஒரு விஷயம். காய்ச்சல் இறங்கி நாலாம் நாள் காலையில குழந்தை கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்கும். இறக்கிவிட்டா நுனிக்காலால நடக்கும், கெண்டைக்காலைத் தொட்டா அலறும். பக்கவாதமோன்னு தூக்கிக்கிட்டு ஓடி வருவாங்க. இது ஃப்ளூ, அதுலயும் பி வகைக்குப் பின்னாடி வர்ற தசை அழற்சியா இருக்கும் பெரும்பாலும். ரத்தத்துல சிகேங்கற தசைப் புரதத்தோட அளவு கூடியிருக்கும், ஒரு வாரத்துக்குள்ள தானா சரியாகும். ஆனா வீட்டுலயே முடிவு பண்ணக் கூடாது, காட்டத்தான் வேணும். சிறுநீர் காபி நிறத்துல போனாலோ கால் வலுவே இல்லாம தொங்கினாலோ அது வேற கணக்கு, உடனே கூட்டிட்டு வரணும்.

மூச்சை எண்ணக் கத்துக்கோங்க. குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்கறதை ஒரு முழு நிமிஷம் எண்ணணும். ரெண்டு மாசத்துக்குள்ள 60, ஒரு வயசு வரைக்கும் 50, ஒண்ணுலேருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40. இதைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழ குழி விழுந்தாலோ காத்திருக்காதீங்க.

இழையைத் தொடங்கியவர்

ஆவி பிடிக்கலாமா? கசாயம், ரசம்?

காய்ச்சல் வார்டு செவிலியர், மதுரை

ரசம், கஞ்சி, இளநீர் எல்லாம் நல்லது. தண்ணி உள்ள போகணும், அதுதான் கணக்கு. ஓஆர்எஸ் கலக்கறதா இருந்தா பெரிய பாக்கெட் ஒண்ணை முழுசா ஒரு லிட்டர்ல கொட்டுங்க, பாதிப் பாதியா டம்ளர்ல கலக்காதீங்க. ஆவி மூக்கடைப்புக்கு இதமா இருக்கும், கிருமியைக் கொல்லாது. கொதிக்கற பாத்திரத்தை மடியில வச்சுப் போர்வைக்குள்ள குழந்தையை உக்கார வைக்கறது மட்டும் கூடவே கூடாது. தீக்காய வார்டுக்கு அப்படி வர்ற குழந்தைங்க உண்டு.

ஆய்வக நுட்பனர், சென்னை

பரிசோதனைக்கு மூக்குச் சளி எடுப்பதைப் பற்றி. மூக்கின் வாசலில் குச்சியைச் சுற்றிவிட்டு எடுத்தால் கிருமி போதுமான அளவு கிடைக்காது. காதின் மட்டத்தை நோக்கி நேராக, மூக்கின் பின்சுவர் தட்டும் வரை போக வேண்டும், கண்ணில் தண்ணீர் வரும். முதல் மூன்று நான்கு நாளுக்குள் எடுத்தால்தான் பயன். அரைமணி நேரத்தில் முடிவு சொல்லும் ரேபிட் டெஸ்ட், ஃப்ளூ உள்ள நூறு பேரில் 50 முதல் 70 பேரைத்தான் பிடிக்கும். நெகட்டிவ் என்பதால் ஃப்ளூ இல்லை என்று ஆகாது. ஆர்டி-பிசிஆர்தான் உறுதி. சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஃப்ளூ தெரியாது.

பொது மருத்துவர், வேலூர்

நம் ஊரில் ஒரு சிக்கல், ஃப்ளூ வரும் அதே மழைக்காலத்தில் டெங்குவும் வருகிறது. இரண்டிலும் திடீர்க் காய்ச்சல், உடம்பு வலி, கண்வலி. இருமலும் தொண்டை வலியும் சேர்ந்திருந்தால் ஃப்ளூ பக்கம் சாயலாம். இருமலே இல்லாமல் காய்ச்சலோடு வாந்தி, வயிற்று வலி, தோல் சிவப்பு என்றால் டெங்குவை நினைக்க வேண்டும். முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 என்ற டெங்கு ரத்தப் பரிசோதனை. அது தெளிவாகும் வரை இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையும், "ஒரு ஊசி போடுங்க" என்று கேட்டு வாங்கும் வலி ஊசியும் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். ஃப்ளூவில் காய்ச்சல் இறங்கினால் நிம்மதி. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த நாள்தான் ஆபத்து.

ஃப்ளூவில் நாங்கள் பயப்படுவது இரண்டாவது காய்ச்சலுக்கு. நாலாம் நாள் தேறி, எழுந்து குளித்து, வேலைக்குப் போகலாம் என்று இருக்கும்போது ஆறாம் ஏழாம் நாள் மறுபடி குளிர், மஞ்சள் அல்லது துரு நிறத்தில் சளி, மூச்சை இழுத்தால் விலாவில் குத்து. வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியா குடியேறிவிட்டது என்று பொருள். அப்போதுதான் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை. விரல் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழ் போனாலோ, நிமிடத்துக்கு மூச்சு 30-ஐத் தாண்டினாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் பிரியவில்லை என்றாலோ உடனே வர வேண்டும்.

தடுப்பூசி பற்றியும் கேட்பீர்கள். சென்னை, வேலூர் பக்கம் ஃப்ளூ உச்சம் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் வருகிறது. டெல்லியிலும் புனேயிலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால் இங்கே செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நல்லது. கிருமியின் ரகம் மாறுவதால் வருடம் ஒருமுறை. ஒன்பது வயதுக்குள் முதன்முறை போடும் குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ். ரகம் நன்றாகப் பொருந்திய வருடத்தில் டாக்டரைப் பார்க்க வைக்கும் அளவு நோயை 40 முதல் 60 சதவீதம் குறைக்கும். ஊசி போட்ட மறு மாதமே சளி பிடித்தால் ஊசி வீண் என்று சொல்லாதீர்கள், அந்தச் சளிக்கான ஊசி அது இல்லை.

மருந்தாளுநர், கோயம்புத்தூர்

வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதையும் சேர்த்துவிடுகிறேன், அதைத்தான் எல்லாரும் கடைசியாகக் கேட்கிறார்கள். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே கிருமி வெளியே பரவும், ஆரம்பித்து ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவிக்கொண்டிருக்கும். பாராசிட்டமால் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு வெளியே போங்கள். மாத்திரையைப் போட்டுக் காய்ச்சலை அடக்கிவிட்டு பஸ் ஏறினால் அந்த 24 மணி நேரம் இன்னும் தொடங்கவே இல்லை.