டைனமோடிபி + எஸ்3: 31ஆவது நாள் தரவு மட்டும் காணவில்லை, சில சமயம் 504

டெப்போ_வாசல்:
அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுடில் வண்டிகளின் ஜிபிஎஸ் தரவுக்கு ஒரு ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் தரவு கேட்கும் வாசல்) செய்கிறேன், முன்னால் கோரிக்கையை வாங்கும் ஏபிஐ கேட்வே, பின்னால் கோடை ஓட்டும் லாம்டா. கடைசி 30 நாள் தரவு டைனமோடிபி டேட்டாபேஸில் இருக்கும். டிடிஎல் (ரெக்கார்டு தானாக அழிவதற்கு வைக்கும் கெடு) முடிந்து ரெக்கார்டு அழியும்போது ஸ்ட்ரீமில் (டேபிளின் மாற்றங்கள் வரிசையாக வரும் இடம்) பிடித்து, தரவைக் கொண்டுசேர்க்கும் ஃபயர்ஹோஸ் வழியாக எஸ்3 கோப்புச் சேமிப்புக்கு அனுப்புகிறேன், அதைவிடப் பழைய தேதி கேட்டால் லாம்டா அத்தீனாவில் (எஸ்3 கோப்புகளுக்குள் தேடும் சேவை) தேடும். 40ஆவது நாளைக் கேட்டால் ஒழுங்காக வருகிறது, 31ஐக் கேட்டால் காலி லிஸ்ட். அப்புறம் அவ்வப்போது 504 (நேரத்துக்குள் பதில் வரவில்லை என்ற எர்ரர்). லாம்டா டைம்அவுட்டை 5 நிமிடமாக்கியும் பலனில்லை.

நடுராத்திரி_அலாரம்:
504-க்குக் காரணம் ஏபிஐ கேட்வே. வழக்கமாக 29 விநாடியில் அது கையை விரித்துவிடும், லாம்டாவில் நீங்கள் எவ்வளவு வைத்தாலும் சரி. காலி லிஸ்ட் வேறு கதை. டிடிஎல் நேரம் முடிந்த நொடியே எதையும் அழிக்காது, ஓரிரு நாள்கூட இழுக்கும். ரெக்கார்டு டேபிளிலேயே உட்கார்ந்திருக்க, நீங்கள் எஸ்3-இல் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். டேபிளில் நேரடியாகக் கேட்டுப் பாருங்கள்.

பழைய_கோப்பு:
அழியும்போது எடுத்து வைப்பதே எனக்குப் பிடிக்காது. ஸ்ட்ரீமில் எதுவும் 24 மணி நேரம்தான் தங்கும். ஒரு வார இறுதி முழுக்க எங்கள் லாம்டா எர்ரர் அடித்துக்கொண்டே கிடந்தது, திங்கட்கிழமை வந்து பார்த்தால் டேபிளிலும் இல்லை எஸ்3-இலும் இல்லை. எழுதும்போதே எஸ்3-க்கும் அனுப்பிவிடுங்கள், டைனமோ வேகத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

அத்தீனா எதற்கு என்றும் புரியவில்லை. ஒரு வண்டி, ஒரு நாள் என்றுதானே கேட்பார்கள்? 10 விநாடிக்கு ஒன்று வந்தாலும் நாளைக்கு 8,640 வரிதான். இரவில் ஒரு வேலை ஓட்டி, வண்டி எண், தேதி என்ற கீயில் (எஸ்3-இல் கோப்பின் பெயர்) ஒரே ஜிஜிப் (சுருக்கிய) கோப்பாக்கினால் லாம்டா நேராக எடுத்துக் கொடுத்துவிடும்.

நடுராத்திரி_அலாரம்:
ஆமாம். காசு மிச்சம் என்று அதை எஸ்3-இன் மலிவான கிளேசியர் ஃபிளெக்சிபிள் வகைக்கு மட்டும் தள்ளிவிடாதீர்கள், சாதாரணமாக மீட்கவே 3 முதல் 5 மணி நேரம். உடனே எடுக்க முடிகிற கிளேசியர் இன்ஸ்டன்ட் ரெட்ரீவல் என்றால் சரி.

டெப்போ_வாசல்:
பார்த்தேன். 31 முழுசாக டேபிளில் இருக்கிறது, 32-இல் பாதி! எழுதும்போதே அனுப்புவதாக மாற்றுகிறேன். ஃபயர்ஹோஸ் ஒரே ரெக்கார்டை இரண்டு முறை போட்டால்?

பழைய_கோப்பு:
சில நேரம் போடத்தான் செய்யும். இரவு வேலையிலேயே வண்டி எண்ணும் நேரமும் ஒன்றாக இருப்பதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.